சுவர் தெரியாத சுரங்கம்: குழாய்ப் பார்வை பற்றி ஓர் எளிய விளக்கம்

பள்ளி விடுமுறை வந்தால் எனக்கு ரப்பர் தோட்டத்து நிரையில், அதாவது மர வரிசையில், வேலை இருக்கும். அம்மா பால்மரம் வெட்டுவார், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுப்பார். நான் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணங்களைத் துடைப்பேன். பெரட்டு என்னும் காலை ஆள்கணக்கு முடிந்து நிரைக்குள் நுழையும்போது இருட்டு கலைந்திருக்காது. அம்மாவின் நெற்றியில் தலை லைட் எரியும். அதன் வெளிச்சம் மரத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விழும். அந்த வட்டத்துக்குள் பழைய வெட்டுக்கோடு, உளியின் முனை, பட்டை சுருண்டு விழுவது, பால் முத்து முத்தாக ஊறி இறங்குவது எல்லாமே துல்லியமாகத் தெரியும். வட்டத்தைத் தாண்டினால் ஒன்றுமே இல்லை. காலடியில் பாம்பு கிடந்தாலும் தெரியாது.

இப்போது மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் ஒரு தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லிக் கொடுக்கிறேன். சுரங்கப் பார்வை என்றால் என்ன சார் என்று பிள்ளைகள் கேட்டால் இந்தத் தலை லைட் கதையைத்தான் எடுப்பேன். ஆனால் ஊரைச் சுற்றிச் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, வந்துவிட்ட பிறகு, பாதிப் பிள்ளைகள் பால்மரத்தைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. அவர்களுக்காக மெனோரா சுரங்கத்தையும் சேர்த்துக்கொள்வேன். கோலகங்சாரிலிருந்து ஈப்போவுக்கு நெடுஞ்சாலையில் வந்தால் மலையைக் குடைந்துகொண்டு போகும் சுரங்கம் அது. நாங்கள் பெரும்பாலும் பழைய சாலையிலேயே ஈப்போ போய்விடுவோம் என்றாலும், நெடுஞ்சாலைப் பயணத்தில் எல்லாரும் பார்த்திருப்பார்கள். உள்ளே போனதும் மலையும் வானமும் காணாமல் போகும். எதிரே ஒரு வெளிச்ச ஓட்டை மட்டும் இருக்கும்.

இரண்டுமே நல்ல உவமைகள்தான். ஆனால் இரண்டிலும் ஒரே தப்பு ஒளிந்திருக்கிறது. அது எனக்குப் பிடிபட ரொம்ப வருஷம் ஆனது. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

முதலில் பெயர். ஆங்கிலத்தில் டனல் விஷன் என்பதைத் தமிழில் சுரங்கப் பார்வை என்றும் குழாய்ப் பார்வை என்றும் சொல்கிறார்கள். இதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, கண் சம்பந்தப்பட்டது. நேரே இருப்பது தெரியும், ஓரத்தில் இருப்பது தெரியாது. இன்னொன்று, மனசு சம்பந்தப்பட்டது. ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நடக்கும் மற்றதைக் கவனிக்காமல் விட்டுவிடுவது.

கண்ணிலிருந்து தொடங்குவோம். சுவரில் உள்ள நாள்காட்டியை நேராகப் பாருங்கள். இரண்டு கைகளையும் காதுக்குப் பின்னால் கொண்டுபோய், விரல்களை ஆட்டிக்கொண்டே மெல்ல முன்னால் கொண்டு வாருங்கள். கண்ணை நாள்காட்டியிலிருந்து எடுக்காதீர்கள். கை காதைத் தாண்டிய உடனேயே ஏதோ அசைவது தெரிந்துவிடும். இரண்டு கண்ணும் சேர்ந்து பக்கவாட்டில் சுமார் 180 பாகை வரை பார்க்கின்றன, அதாவது ஒரு முழு அரைவட்டம். தனி ஒரு கண்ணுக்குக் காதுப் பக்கம் 90 முதல் 100 பாகை, மூக்குப் பக்கம் 60, மேலே 60, கீழே 70 சொச்சம். மேலே குறைவதற்குப் புருவ எலும்பும், உள்ளே குறைவதற்கு மூக்கும் ஒரு காரணம்.

இவ்வளவு அகலத்தையும் நாம் ஒரே தெளிவோடு பார்ப்பதில்லை. கையை முன்னால் நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள். அந்த நகத்தின் அகலம் சுமார் 2 பாகைக்குள்தான் வரும். கண் உண்மையிலேயே கூர்மையாகப் பார்ப்பது ஏறக்குறைய அந்த அளவு இடத்தைத்தான். விழித்திரையின் நடுவில் ஒரு சின்னக் குழி இருக்கிறது. நிறத்தையும் நுணுக்கத்தையும் காட்டும் கூம்பு செல்கள் அங்கேதான் நெருக்கமாக இருக்கின்றன. ஒரு கண்ணில் கூம்புகள் சுமார் 60 லட்சம். மங்கல் வெளிச்சத்துக்கும் அசைவுக்கும் உதவும் குச்சி செல்கள் சுமார் 12 கோடி. குழியின் மையத்தில் குச்சி செல்லே கிடையாது. அதைச் சுற்றியும் ஓரங்களிலும்தான் அவை பரவிக் கிடக்கின்றன.

அதனால் நடுப்பார்வைக்கும் ஓரப்பார்வைக்கும் வேலை வேறு. நடுப்பார்வை பெயர்ப்பலகையைப் படிக்கும், ஊசியில் நூல் கோக்கும், அத்தை மகன் யார், அவன் தம்பி யார் என்று முகம் பிரித்துச் சொல்லும். ஓரப்பார்வைக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் வாசல்படி இருக்கிறது, நாய் படுத்திருக்கிறது, இடது பக்கம் மோட்டார் சைக்கிள் வருகிறது என்று குரல் கொடுப்பது அதுதான். பெரிய வீட்டில் சத்தம் போடாமல் எல்லா வேலையும் பார்க்கும் பாட்டி மாதிரி. இருக்கும்வரை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

இந்த ஓரப்பார்வை தேய்ந்து, நடுவில் ஒரு வட்டம் மட்டும் மிஞ்சினால் அது குழாய்ப் பார்வை. எவ்வளவு சின்ன வட்டம்? பார்வையின் மையத்திலிருந்து சுற்றிலும் 10 பாகைக்கு மேல் தெரியாவிட்டால், எழுத்தெல்லாம் நன்றாகப் படித்தாலும் அதைப் பார்வையிழப்பு என்றே உலக சுகாதார நிறுவனம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அதைக் கையாலேயே அளக்கலாம். கையை நீட்டி விரல்களை மடக்கி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 பாகை. இரண்டு முஷ்டிகளை ஒட்டி வைத்தால் எவ்வளவு இடமோ அவ்வளவுதான் அவர்களுடைய உலகம்.

ஏன் இப்படி ஆகிறது? காரணங்கள் பல. உலகில் அதிகம் பேரைத் தொடுவது குளுக்கோமா, அதாவது கண் நீர் அழுத்த நோய். கண்ணின் முன்பகுதிக்குள் ஒரு தெளிந்த நீர் ஊறிக்கொண்டே இருக்கும். ஊறும் அளவுக்கு வடிகாலில் வெளியேறவும் வேண்டும். வடிகால் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும். 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை சாதாரணம் என்பார்கள். அழுத்தம் சாதாரணமாக இருந்தும் இந்த நோய் வருகிறவர்கள் இருக்கிறார்கள். எப்படி ஆனாலும் அடி விழுவது பார்வை நரம்புக்கு. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் அந்த நரம்பில் சுமார் 10 லட்சம் இழைகள் உண்டு. அவை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே வரும். செத்த இழை திரும்ப முளைக்காது. பெரும்பாலும் வலி கிடையாது, சிவப்பு கிடையாது, நீர் வடிவதும் கிடையாது. இழப்பு முதலில் பெரும்பாலும் மூக்குப் பக்கம், நடுவுக்குச் சற்றுத் தள்ளித் தொடங்கும். ஒரு கண் விட்ட இடத்தை இன்னொரு கண் பார்த்துக் கொடுத்துவிடும். நடுப்பார்வை கடைசி வரை தாக்குப்பிடிக்கும்.

இன்னொன்று பரம்பரையாக வருவது. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்று பெயர். சுமார் 4,000 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. இதில் குச்சி செல்கள் முதலில் அழிகின்றன. அதனால் பகலில் நன்றாக இருக்கும் பிள்ளை, இருட்டியதும் தடுமாறும். "மாலைக்கண்" என்று சொல்லிவிட்டுக் கேரட் கொடுத்துப் பார்ப்பார்கள். வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணும் உண்டுதான், ஆனால் இது வேறு. வயது ஏற ஏறப் பார்வை குழாய் போல ஒடுங்கும். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் இந்த நோய் கூடுதலாக வர வாய்ப்பு இருக்கிறது. மாமன் மகளைக் கட்டும் பழக்கம் நமக்குப் புதிதில்லை என்பதால் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

இனிப்புநீர், அதாவது நீரிழிவு, உள்ளவர்களுக்கு வேறொரு வழி. விழித்திரையில் தேவையில்லாத இரத்தக் குழாய்கள் முளைத்துவிட்டால், லேசர் கொண்டு விழித்திரையின் ஓரங்களைச் சுட்டு அதை அடக்குவார்கள். ஓரத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து நடுவைக் காப்பாற்றும் சிகிச்சை இது. அதனால் ஓரப்பார்வையும் இரவுப் பார்வையும் சற்றுக் குறையலாம். அதற்குப் பயந்து லேசர் வேண்டாம் என்று ஓடுவது பெரிய நஷ்டத்தில் முடியும்.

தற்காலிகமாக ஒடுங்குவதும் உண்டு. மயக்கம் வரும் முன் ஓரத்திலிருந்து இருள் சூழ்ந்து வருமே, அது இதுதான். கண்ணுக்குள் ஏற்கெனவே அழுத்தம் இருப்பதால், இரத்த அழுத்தம் விழும்போது விழித்திரைக்கு இரத்தம் ஏறுவது கஷ்டம். போர் விமானிகள் வேகமாகத் திரும்பும்போது உடல் எடை நாலைந்து மடங்கு ஆனதுபோல் அழுத்தும். முதலில் நிறம் வெளிறும், பிறகு பார்வை குழாயாகும், பிறகு கறுத்தேவிடும். இவை சில நொடி விஷயங்கள். திடீரென்று பார்வை ஒடுங்கி, கண்வலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் என்று சேர்ந்து வந்தால் மட்டும் காலை வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

சரி, உவமையில் உள்ள தப்புக்கு வருகிறேன். அம்மா கதையைச் சொன்னால்தான் அது புரியும்.

தோட்டத்து வேலையை விட்ட பிறகு அம்மா என்னோடு தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், இருக்கிறார். ஒரு வருஷமாக எதையாவது இடித்துக்கொண்டே இருந்தார். கதவு நிலையில் இடது தோள் மோதிக் கன்றிப் போகும். மேசை ஓரத்தில் வைத்த தேநீர்க் கிளாஸைத் தட்டிவிடுவார். பூனை வாலை மிதிப்பார். பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் எதிரே வருபவர் மீது மோதிவிட்டு, "கண்ணு தெரியாமலா வரானுங்க" என்று அவர்களையே திட்டுவார். நான் முட்டி வலிதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டேன். முட்டிக்குத் தைலம் வாங்கினேன். வழுக்காத செருப்பு வாங்கினேன். குளியலறையில் பிடிமானக் கம்பி அடித்தேன். கண் என்று தோன்றவே இல்லை. ஏன் தோன்றும்? காலையில் தமிழ்ப் பத்திரிகையை வரி விடாமல் படிக்கிறார். மல்லிகைச் சரம் கட்டுகிறார். எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை வாசித்துக் காட்டினார். "எனக்கு எல்லாம் நல்லாத்தானே தெரியுது தம்பி" என்று அவரே சொன்னார்.

இனிப்புநீருக்காக அரசாங்கக் கிளினிக்குக்குப் போனபோது விழித்திரையைப் படம் பிடித்தார்கள். இனிப்புநீரால் வரும் கெடுதல் பெரிதாக இல்லை. ஆனால் பார்வை நரம்பு தொடங்கும் இடத்தில் உள்ள பள்ளம் சாதாரணத்தைவிட அகலமாக இருந்தது. ஈப்போவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே ஒரு வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து, நடுவில் உள்ள புள்ளியையே பார்க்கச் சொன்னார்கள். அங்கங்கே சின்ன வெளிச்சம் மின்னும், தெரிந்தால் பொத்தானை அமுக்க வேண்டும். அம்மா பொறுமையாக அமுக்கினார். தாளில் வந்த படத்தில் இடது கண்ணின் ஓரம் முழுக்கக் கறுப்பு. வலது கண்ணிலும் பாதி.

அம்மா அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "எனக்கு எதுவும் கறுப்பாத் தெரியலையே டாக்டர்" என்றார்.

தலை லைட் உவமையில் தப்பு இங்கேதான் இருக்கிறது. லைட் வட்டத்துக்கு வெளியே இருட்டு இருப்பது நமக்குத் தெரியும். மெனோராவுக்குள் இரண்டு பக்கமும் சுவர் இருப்பது தெரியும். தெரிவதால் எச்சரிக்கையாக இருப்போம். உண்மையான குழாய்ப் பார்வையில் அந்தச் சுவர் தெரிவதே இல்லை. பிரிட்டனில் 50 குளுக்கோமா நோயாளிகளிடம் சில படங்களைக் காட்டி, உங்களுக்கு உலகம் இதில் எப்படித் தெரிகிறது என்று கேட்டார்கள். அந்த ஆய்வு 2013இல் வெளியானது. புத்தகங்களில் வழக்கமாகப் போடும் கறுப்பு வளையப் படத்தை ஒருவர்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. அங்கங்கே மங்கலாக இருக்கிறது என்றார்கள். அங்கங்கே சில பொருள்கள் காணாமல் போகின்றன என்றார்கள். கறுப்பு வட்டம் என்பது வெளியே இருந்து பார்ப்பவர் போட்ட படம்.

இதை நம்பக் கஷ்டமாக இருந்தால் உங்கள் கண்ணிலேயே சோதிக்கலாம். இடது கண்ணை மூடுங்கள். இரண்டு கைகளையும் நீட்டிக் கட்டைவிரல்களை நிமிர்த்தி ஒட்டி வையுங்கள். வலது கண்ணால் இடது கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு, வலது கட்டைவிரலை மட்டும் மெல்ல வலது பக்கம் நகர்த்துங்கள். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் அந்த விரலின் நுனி காணாமல் போகும். பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்களே இல்லை. அந்தக் குருட்டுப் புள்ளியில் விரல் மாட்டிக்கொண்டது. எதமே மரியோட் என்ற பிரெஞ்சுக்காரர் 1660களிலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார். இப்போது கேள்வி: விரல் மறைந்த இடத்தில் என்ன தெரிந்தது? கறுப்பு ஓட்டையா? இல்லை. பின்னால் உள்ள சுவரின் நிறம் தெரிந்தது. இல்லாத இடத்தை மூளை அக்கம்பக்கத்தைப் பார்த்து இட்டு நிரப்பிவிடுகிறது. பிறந்த நாள் முதல் ஆளுக்கு இரண்டு ஓட்டையோடு வாழ்கிறோம், ஒரு நாளும் கண்டதில்லை.

ஆக, பார்வை குறைந்தவருக்குக் "குறைவு" என்ற ஒன்று தெரியாது. அவருக்குத் தெரிவதெல்லாம் திடீரென்று முளைக்கும் கதவு நிலையும், எங்கிருந்தோ வந்து மோதும் ஆளும்தான். அம்மா பசார் மாலாமில் திட்டியது வீம்பு இல்லை. அவர் பக்கமிருந்து பார்த்தால் அந்த ஆள் நிஜமாகவே ஒன்றுமில்லாத இடத்திலிருந்து வந்தவன்.

நாற்பது வயதைத் தாண்டியவர்கள், அதிலும் பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ குளுக்கோமா இருப்பவர்கள், எழுத்துப் பலகை மட்டும் போதும் என்று இருந்துவிடக் கூடாது. கண் அழுத்தம், பார்வை நரம்பு, பார்வைப் பரப்பு மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். தினமும் சொட்டு மருந்து விட்டால் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம், போனதை மீட்க முடியாது. அம்மாவுக்கு இருப்பது தெரிந்ததும் நானும் போய்ப் பார்த்துக்கொண்டேன். இதுவரை ஒன்றுமில்லை.

இனி இரண்டாவது அர்த்தம். இதில் கண் நன்றாகவே இருக்கும். ஒடுங்குவது கவனம்.

மேலே உள்ள கதையிலேயே ஒரு ஆள் இருக்கிறார், கவனித்தீர்களா? முட்டி, முட்டி என்று ஒரு வருஷம் தைலம் வாங்கிக்கொண்டிருந்தவர். அறிவியல் ஆசிரியர் வேறு. கன்றிய தோள், கவிழ்ந்த கிளாஸ், மிதிபட்ட வால் எல்லாம் கண் முன்னால்தான் நடந்தன. கிளாஸைத் தட்டிவிட்டது கை. அதற்கும் முட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒரு காரணம் பிடித்துப்போனால், வருவதெல்லாம் அந்தக் காரணத்துக்குள் தானாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. விடுபட்ட இடத்தை மூளை நிரப்பிக்கொள்வதைப் போலத்தான் இதுவும். அம்மாவுக்கு அவருடைய சுரங்கம் தெரியவில்லை, எனக்கு என்னுடையது தெரியவில்லை.

நிபுணர்களுக்கும் விலக்கில்லை. 2013இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். 24 கதிரியக்க மருத்துவர்களிடம் நுரையீரல் ஸ்கேன் படங்களைக் கொடுத்து, புற்றுநோய்க் கட்டியாக இருக்கக்கூடிய சின்னப் புள்ளிகளைத் தேடச் சொன்னார்கள். படங்களில் ஒரு கொரில்லாக் குரங்கின் உருவத்தைச் செருகியிருந்தார்கள். தேடிய புள்ளியைவிட அது 48 மடங்கு பெரியது. 24 பேரில் 20 பேர் அதைப் பார்க்கவில்லை. அவர்களுடைய கண் எங்கெங்கே போனது என்று கருவி வைத்துக் கண்காணித்ததில், அந்த 20 பேரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கொரில்லா இருந்த இடத்தையே நேராகப் பார்த்திருக்கிறார்கள். கண் போய்ச் சேர்ந்தது, மனசு கூடப் போகவில்லை.

விமானத்தில் இது நடந்தால் விலை அதிகம். 1972 டிசம்பர் 29, ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401 மயாமியில் இறங்க வந்துகொண்டிருந்தது. முன் சக்கரம் சரியாக இறங்கிப் பூட்டிக்கொண்டதா என்று காட்டும் பச்சை விளக்கு எரியவில்லை. வானத்திலேயே சுற்றிக்கொண்டு அதைச் சரிபார்க்கலாம் என்று முடிவு செய்தார்கள். விமானி அறையில் இருந்த எல்லாருடைய மனசும் அந்தச் சின்ன பல்பில் போய் மாட்டிக்கொண்டது. அதற்குள் உயரத்தைப் பிடித்து வைத்திருந்த தானியங்கி அமைப்பு விடுபட்டு, விமானம் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. எச்சரிக்கை மணிகூட ஒலித்தது. யாரும் கவனிக்கவில்லை. எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் விழுந்து 101 பேர் இறந்தார்கள். சக்கரம் ஒழுங்காகத்தான் இறங்கியிருந்தது. பல்புதான் எரிந்து போயிருந்தது.

ஆறு வருஷம் கழித்து, 1978 டிசம்பரில், போர்ட்லந்து நகருக்கு அருகே யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்றும் சக்கரப் பிரச்சினையைப் பார்த்துக்கொண்டே சுற்றிச் சுற்றி எரிபொருள் தீர்ந்து விழுந்தது. 10 பேர் இறந்தார்கள். எரிபொருள் குறைவதைக் கூட இருந்தவர்கள் சொல்லத்தான் சொன்னார்கள், கேப்டன் காதில் ஏறும் அளவுக்கு அழுத்திச் சொல்லவில்லை. இப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பிறகுதான், விமானி அறையில் சின்னவர் பெரியவர் பார்க்காமல் வாய் திறக்கவும், திறந்தால் கேட்டுக்கொள்ளவும் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்கள். கவனியுங்கள், "இனிமேல் அகலமாகப் பாருங்கள்" என்று கேப்டனுக்கு அறிவுரை சொல்லிவிட்டு நிற்கவில்லை. சுரங்கத்துக்குள் இருப்பவருக்குச் சுவர் தெரியாது என்பதால், பக்கத்தில் இருப்பவர் குரலை உயர்த்த வழி செய்தார்கள்.

பயமும் அவசரமும் இந்தக் குழாயை இன்னும் இறுக்கும். பராங் கத்தியைக் காட்டி மிரட்டப்பட்டவரிடம் திருடன் முகத்தைக் கேட்டால் திணறுவார், கத்தியை மட்டும் நன்றாகச் சொல்வார். பணத் தட்டுப்பாடும் அப்படித்தான். செந்தில் முல்லைநாதன் என்ற பொருளியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்தார்கள். அறுவடைக்கு முன், கையில் காசு இல்லாத காலத்தில், அதே விவசாயி யோசனைச் சோதனைகளில் குறைவாகச் செய்தார். காசு வந்த பிறகு மேலாகச் செய்தார். ஆள் அதே ஆள், அறிவும் அதே அறிவு. இன்றைக்குக் கட்ட வேண்டிய தவணை மனசை முழுக்க அடைத்துக்கொண்டால், அடுத்த மாசத்து வட்டி ஓரப்பார்வைக்கு வெளியே போய்விடும். சம்பளத்துக்கு நாலு நாள் முன்னால் வட்டிக்காரனிடம் போகிறவரை "புத்தி இல்லையா" என்று கேட்பது நம் ஊரில் சுலபம். நானும் கேட்டிருக்கிறேன். இந்த ஆய்வைப் படித்த பிறகு கேட்பதில்லை.

இன்னொரு சுரங்கத்தில் ஊரே சேர்ந்து இருந்தோம். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிய யு.பி.எஸ்.ஆர். என்ற அரசாங்கத் தேர்வு. எல்லாப் பாடத்திலும் ஏ வாங்க வேண்டும்: தமிழ்ப்பள்ளியில் முதலில் 7 ஏ, பிறகு 8 ஏ. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் உடற்கல்விப் பாடத்தை நானே பிடுங்கிப் பயிற்சித் தாள் கொடுத்திருக்கிறேன். ஒரு மாணவி மாலை வகுப்பில் எப்போதும் தூங்கி விழுவாள். மதிப்பெண் குறைகிறதே என்று அவளுக்கு இன்னொரு கூடுதல் வகுப்பு வைத்தேன். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து அம்மாவோடு நாசி லெமாக் பொட்டலம் கட்டிவிட்டு வருகிறாள் என்பது பட்டமளிப்பு விழாவில்தான் தெரிந்தது. நான் ஒரு தடவையும் கேட்டதில்லை. 2021இல் அந்தத் தேர்வையே எடுத்துவிட்டார்கள்.

ஆனால் ஒன்று. ஒரே இடத்தில் கவனம் வைப்பது எல்லாமே கோளாறு என்று சொல்லிவிட முடியாது. மரத்தில் இருந்த பறவையின் கண்ணை மட்டும் பார்த்த அர்ச்சுனனைத்தானே நாம் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம்? மரம் தெரியவில்லை, கிளை தெரியவில்லை, கண் மட்டும் தெரிகிறது என்றவனுக்குத்தான் பாராட்டு. அம்பு விடும் அந்த நொடிக்கு அதுதான் சரி. போர்க்களத்தில் நாள் முழுக்க அப்படி நின்றால் பக்கத்து அம்பு முதுகில் பாயும். கவனத்துக்கும் சுரங்கத்துக்கும் வித்தியாசம் இதுதான் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: உள்ளே போனவனுக்கு வெளியே வரத் தெரிகிறதா?

கிணற்றுத் தவளையை இதோடு சேர்க்காதீர்கள். தவளை வெளியுலகைக் கண்டதே இல்லை, அது அனுபவக் குறைவு. சுரங்கப் பார்வைக்காரருக்கு எல்லாம் எதிரே இருக்கும், ஆனாலும் விட்டுவிடுவார். அதற்குப் பொருத்தமான பழமொழி "நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம்" என்பது. தெருநாயை விரட்டக் கல் தேடும் கதை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பெரியவர்கள் சொல்லும் விளக்கம் வேறு. கல்லில் செதுக்கிய நாய் அது. நாயாகப் பார்க்கும்போது கல் மறைந்துவிடும், கல்லாகப் பார்த்தால் நாய் மறைந்துவிடும்.

அம்மாவிடம் வெளியே வரும் வித்தை இருந்தது. மரத்தை வெட்டும்போது உளி கொஞ்சம் ஆழமாகப் போனாலும் பட்டைக்கு அடியில் உள்ள மெல்லிய வளர்படலம் காயப்படும், பிறகு அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். அதனால் வெட்டும் நேரத்தில் கண் கோட்டை விட்டு அசையக் கூடாது. ஆனால் ஒவ்வொரு மரத்தடியிலும் குனிவதற்கு முன் அம்மா காலைத் தரையில் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டுவார். தலையை ஒரு சுற்றுச் சுற்றி லைட்டை வேர்ப்பக்கம் ஓட்டுவார். அப்புறம்தான் உளி. நூற்றுக்கணக்கான மரம், ஒவ்வொன்றுக்கும் இதே. சின்ன வயதில் எனக்கு அது வெட்டி வேலையாகத் தோன்றியது.

இப்போது கண் சிகிச்சைப் பிரிவில் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததும் ஏறக்குறைய அதேதான். நடக்கும்போது தலையை இடம் வலம் திருப்பிக்கொண்டே போங்கள், கண் பார்க்காத இடத்துக்குக் கழுத்தை அனுப்புங்கள் என்றார்கள். "இது எனக்குப் பழக்கம்தான்" என்று அம்மா அவர்களிடம் சொல்லிவிட்டு வந்தார்.

போன வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போனோம். அவருக்கு மோசமான பக்கம் இடது என்பதால் நான் இடது கைப் பக்கம் நடந்தேன், காவலுக்கு. பாதி வழியில் பள்ளி வாட்ஸப் குழுவில் செய்தி மேல் செய்தி வந்தது. பார்த்துக்கொண்டே நடந்தேன். சந்து முனையில் அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். விளக்குப் போடாத மோட்டார் சைக்கிள் ஒன்று இடது பக்கச் சந்திலிருந்து பாய்ந்து, என் காலை உரசாத குறையாகப் போனது.

"நல்லா காவல் வந்த போ" என்றார் அம்மா. அப்புறம் தலையை இடம் வலம் திருப்பிப் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்துச் சாலையைக் கடத்திவிட்டார்.